700ஆர்4 கியர்பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள் (எனக்குப் போனது 2,850 டாலர்)

கையில் இன்னும் தீய்ந்த டிரான்ஸ்மிஷன் ஆயில் வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டாயிற்று, போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2,850 டாலர். அதற்கு வாங்கிய 700ஆர்4, அதாவது ஜெனரல் மோட்டர்ஸின் நாலு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் (இனி பெட்டி என்றால் கியர்பாக்ஸ்தான்), பதினோரு நாள், 140 மைல், அவ்வளவுதான் ஓடியது. கடைப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அது முடிகிறவரை பெயரை எங்கேயும் எழுதாதே என்று வீட்டில் உத்தரவு. டெட்ராய்ட் பக்கம் ஒரு கியர்பாக்ஸ் ரீபில்ட் (பிரித்துப் புதுப்பிக்கும்) கடை, பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்துப் போனேன் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள், உங்களுக்காகக் கடைசியில் பத்துப் பாயின்ட் எழுதுகிறேன்.

முதலில் கார். 1971 செவர்லே நோவா, இரண்டு கதவு, 350 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக். (இன்ஜின் 350 என்பது கன அங்குலக் கணக்கு, கியர்பாக்ஸுக்கு அது வெறும் பெயர், குழம்ப வேண்டாம்.) மூன்றே கியர்: 2.52, 1.52, அப்புறம் ஒன்றுக்கு ஒன்று (பெட்டிக்கு வெளியே ஒரு சுற்றுக்கு இன்ஜின் இத்தனை சுற்று என்று கணக்கு). ஓவர்டிரைவ், அதாவது ஃப்ரீவேயில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர், கிடையாது. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் சிக்னலில் பறக்க ஆசைப்பட்டு ரியர் ஆக்சிலில் 3.73 ரேஷியோ போட்டு வைத்திருந்தார் (இந்த எண் கூடினால் கிளம்பும் வேகம் கூடும், இன்ஜினும் அதிகம் சுற்றும்). ஊருக்குள் சுகம்தான். ஆனால் ஐ-75 ஃப்ரீவேயில் 70 மைல் வேகத்தில் போனால், என்னுடைய 26 அங்குல டயருக்கு, இன்ஜின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,400 சுற்று சுற்றும். அரை மணி நேரம் அந்தச் சத்தத்தில் போய்ப் பாருங்கள். மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சைகையில் பேசப் பழகிவிட்டாள்.

எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணன் இங்கே கார் கம்பெனியில் டிரான்ஸ்மிஷன் பிரிவிலேயே இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, நல்லா ஓடுற பெட்டியைக் கழட்டாதே. பின்னாடி 3.08 போடு, 70ல 2,800தான் வரும், போதும். ஓவர்டிரைவ்தான் வேணும்னா அப்பவும் 3.08தான். 700ஆர்4க்கு முதல் கியரே 3.06. அதை 3.08ஆல பெருக்கு, 9.4 வரும். உன் பழைய பெட்டியோட 2.52ஐ 3.73ஆல பெருக்கு, அதே 9.4. கிளம்புற வேகம் துளி குறையாது." பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டே காட்டினார். நான் கேட்டேனா? எனக்கு 3.73ம் வேண்டும், ஓவர்டிரைவும் வேண்டும். நாலாவது கியர் 0.70, அதனால் 70 மைலில் 2,400க்குள் இறங்கிவிடும், சிக்னலிலும் பறக்கலாம், ஃப்ரீவேயிலும் பேசலாம். பேராசைதான், ஒத்துக்கொள்கிறேன். (முதல் கியர் 3.06லிருந்து இரண்டாவது 1.63க்கு விழும்போது வரும் பள்ளம் தனிக்கதை, 3.73 இருந்தால் முதல் கியர் சாலையைக் கடப்பதற்குள்ளேயே தீர்ந்துபோகும்.)

சரி, கடை. போன ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. ஆள் அறுபது வயசு இருப்பார், ஆயில் படிந்த மேலாடை, சுவர் முழுக்கப் பழைய கார் படங்கள். நான் என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னாலேயே குனிந்து காருக்கு அடியில் பார்த்து, ஆயில் பான் வடிவத்தை வைத்தே "டர்போ 350, நல்ல பெட்டி" என்றார். டிப்ஸ்டிக்கை உருவினார். வெள்ளைப் பேப்பர் டவலில் துடைத்து, மூக்கருகே வைத்து முகர்ந்து, என்னிடமும் நீட்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது. "இது சுத்தமா இருக்கே, இதை ஏன் மாத்துற?" என்று அவரே கேட்டார். விற்கிறவனே வேண்டாம் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அந்த ஒரு நிமிஷத்தில் விழுந்தேன். அப்புறம் அவர் மேஜைமேல் ஒரு வெடித்த சன் ஷெல்லை (பெட்டிக்குள் பல்சக்கரத்தைச் சுழற்றும் உலோகக் கூடு) காட்டி, 700ஆர்4ல் இது உடைந்தால் இரண்டாவது கியர், நாலாவது கியர், ரிவர்ஸ் மூன்றும் போய்விடும், நாங்கள் கெட்டியானது போடுகிறோம், கார்வெட் சர்வோ (இரண்டாவது கியரை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும் பெரிய பிஸ்டன்) போடுகிறோம், எல்லாம் 1987க்கு அப்புறம் வந்த பெட்டிதான் என்று சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சொன்னது அத்தனையும் உண்மையான விஷயம், அதுதான் கொடுமை. 1982ல் வந்த முதல் தொகுதிப் பெட்டிகளுக்குக் கெட்ட பெயர் உண்டு, 1987 முதல் வந்தவை தேவலாம் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

விலை 3,200. பழைய பெட்டியை நானே எடுத்துக்கொள்கிறேன், அதற்கு 200 கழித்துக்கொள், ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் 150 குறைக்கிறேன் என்றார். ஆக 2,850. பேங்கில் எடுத்து, கவரில் போட்டு, கையில் கொடுத்தேன். ரசீது ஒரு மஞ்சள் துண்டு, அதில் "700 ரீபில்ட், 12 மாதம்" என்று கிறுக்கல். புதுப் பெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது, டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது) ஏற்கெனவே மாட்டி பட்டை போட்டு வைத்திருந்தார்கள். எவ்வளவு நேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன், அட முட்டாளே.

அவர்களே மாட்டினார்கள். இந்தப் பெட்டி பழையதைவிட மூன்று அங்குலம் நீளம், டிரைவ் ஷாஃப்டை வெட்டிச் சின்னதாக்கி, கிராஸ்மெம்பரைத் தள்ளி, எல்லாம் ஒழுங்காகவே செய்தார்கள். ஒன்பது நாள் சொர்க்கம். பத்தாவது நாள் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் சும்மா உறுமிவிட்டுப் பிடித்தது. பதினோராவது நாள் பிடிக்கவே இல்லை. மூன்றாவதும் இல்லை, நாலாவதும் இல்லை. உட்வர்ட் சாலை ஓரத்திலேயே இழுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

போன் செய்தேன். "புதுப் பெட்டி, பழகட்டும்" என்றார். மூன்றாவது கியரே இல்லை ஐயா, எதைப் பழக்குவது? "செவ்வாய் கொண்டு வா." இழுவை வண்டிக்குத் தனியாக அழுது கொண்டுபோய் விட்டேன். ஒரு வாரம் வெளியே வெயிலில் நின்றது. கேட்டால், சாப்பிடப் போயிருக்கிறார். மறுநாள் கேட்டால், சாப்பிடப் போயிருக்கிறார். காலை ஒன்பதேகாலுக்குக் கேட்டாலும் சாப்பிடப் போயிருக்கிறார்! நேரில் போய் நின்றபோது, டிப்ஸ்டிக்கை எடுத்து அதே மாதிரி வெள்ளை டவலில் துடைத்து, "ஆயில் எரிஞ்சிருக்கு, நீ டிவி கேபிளைத் தொட்டிருக்கே, வாரண்டி போச்சு" என்றார். (டிவி என்றால் த்ராட்டில் வால்வ், ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து பெட்டிக்குப் போகும் கேபிள்.) நான் பானட்டைக்கூட இரண்டு தடவைதான் திறந்தேன். கேபிளை மாட்டியது அவர் கடைப் பையன். அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: வாரண்டி உதிரிப் பாகத்துக்கு மட்டும்தான், கழற்றி மாட்ட 800 டாலர் ஆகும். சரி, உன் பெட்டியே வேண்டாம், என் டர்போ 350ஐத் திருப்பிக் கொடு என்றேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." நல்ல பெட்டி என்று அவர் வாயாலேயே சொன்ன பெட்டி.

வேறு ஒரு மெக்கானிக்கிடம் போட்டுத் திறந்தோம், அண்ணனும் வந்தார். மூன்றாவது, நாலாவது கியருக்கான கிளட்ச் தட்டுகளில் பூச்சே இல்லை, கறுப்புத் தூளாகப் பானில் கிடந்தது, நடுவில் இருக்கும் இரும்புத் தட்டுகள் நீலம் பாய்ந்திருந்தன. சர்வோ சாதாரணமானது, கார்வெட்டும் இல்லை ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்அப் வயரை எதிலும் இணைக்காமல் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள், ஃப்ரீவேயில் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே சூடேற்றியிருக்கிறது. முக்கியமான விஷயம் டிவி கேபிள். டர்போ 350ல் ஆக்சிலரேட்டரோடு போகும் கேபிள் வெறும் கிக்டவுனுக்குத்தான் (முழுக்க மிதித்தால் கீழ் கியருக்கு இறக்குவது), உள்ளே பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேக்குவம் மாடுலேட்டர் இருக்கிறது. 700ஆர்4ல் அப்படி இல்லை, எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு பிரஷர் கொடு என்று பெட்டிக்குச் சொல்வதே அந்தக் கேபிள்தான். தொளதொளவென்று இருந்தால் பிரஷர் வராது, கிளட்ச் வழுக்கும், கருகும். என் காரில் இருப்பது எடல்பிராக் கார்புரேட்டர், அதற்குக் கேபிள் சரியான கோணத்தில் இழுபடத் தனி பிராக்கெட் வேண்டும். போடவில்லை. முழுக்க மிதித்தாலும் கேபிளில் இழுக்காமல் மிச்சம் இருந்தது, விரலால் இழுத்துக் காட்டினார் அண்ணன்.

அப்புறம் அவர் ஒரு துணியில் பிரேக் கிளீனர் நனைத்து, பான் ஒட்டும் விளிம்பின் பின்பக்கம் அந்த வெள்ளிப் பெயின்ட்டைத் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து தெரிந்தது. முதல் எண்தான் மாடல் வருடம். 7 இருந்தால் 1987. என்னுடையது 3. 1983. கன்வெர்ட்டர் சொருகும் இன்புட் ஷாஃப்டில் பல்லை எண்ணினோம், 27. பின்னால் வந்த கெட்டியான ஷாஃப்டுக்கு 30. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அந்த நாப்கின் கணக்கைப் பற்றிக்கூட. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மனைவி ஒரே வாக்கியம்தான் சொன்னாள், "2,850க்கு ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டு வந்திருக்கலாம்." ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை ட்ரீம் குரூஸ், உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம், 1995லிருந்து நடக்கிறது, இந்த வருடம்தான் சொந்தக் காரில் போவதாக இருந்தேன். மடக்கு நாற்காலி போட்டு ரோட்டோரம் உட்கார்ந்து மற்றவர்கள் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பத்துப் பாயின்ட் என்றேன். பெயின்ட் அடித்த பெட்டி என்றால் முதலில் பெயின்ட்டைச் சுரண்டி வருட எண்ணைப் பாருங்கள். கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லி ஷாஃப்ட் பல்லை எண்ணுங்கள், 27 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கேபிள் பிராக்கெட் இல்லாமல் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள், கார்டில் கொடுத்திருந்தால் இன்றைக்கு பேங்க்காரனோடாவது சண்டை போட்டிருப்பேன். மிச்சிகன்காரர்கள், ரிப்பேர் கடைமேல் புகார் போக வேண்டிய இடம் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்தான், லைசென்ஸுக்குப் போவோமே அதேதான். இன்ஜினில் நிஜமாகவே பலம் இருந்தால் டர்போ 400 போட்டுவிட்டு ஓவர்டிரைவை மறந்துவிடுங்கள், 1964ல் வந்தது, ரோல்ஸ் ராய்ஸும் ஃபெராரியுமே வாங்கிப் போட்ட பெட்டி. அப்புறம்

மன்னிக்கவும், இடையில் ஒரு மெசேஜ். அண்ணன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார், அதே ஆப். "டர்போ 350, 1971 நோவாவில் இருந்து எடுத்தது, ஆயில் சுத்தம், 650 டாலர்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆயில் பானுக்குக் கம்பெனியில் டிரெயின் பிளக்கே கிடையாது, போன வருடம் நான்தான் துளை போட்டு ஒரு பித்தளை பிளக் வைத்துச் சுற்றிலும் சிவப்பு சீலன்ட் அப்பினேன், கோணலாக. படத்தில் அந்தப் பித்தளை, அந்தச் சிவப்பு, அதே கோணல்.

இருக்கிறதா என்று அண்ணனையே கேட்கச் சொன்னேன். உடனே பதில் வந்துவிட்டது. இருக்கிறதாம், ரொக்கம் என்றால் 600.