பிரெஞ்சு வினைச்சொல்லுக்குக் கருத்து எழுத ஆங்கிலமா, தமிழா?

என் மேசையில் இரண்டு கொப்பிகள் கிடக்கின்றன. ஒன்று ரியூசனில் தந்த பட்டியலைப் பார்த்து எழுதியது: இடப்பக்கம் பிரெஞ்சு வினை, வலப்பக்கம் ஆங்கிலக் கருத்து. மற்றதை நானே பிறகு தொடங்கினேன். அதில் வலப்பக்கம் முழுக்க வீட்டுத் தமிழ்.

ஆங்கிலக் கொப்பியில் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ‘லீவ்’ என்ற சொல்லில்தான். பார்த்தீர், கித்தே, லெஸே மூன்றுக்கும் எதிரே அதையேதான் எழுதி வைத்திருந்தேன். எதை எங்கே போடுவது? தமிழில் எழுதிப் பார்த்தால் மூன்றும் தானாகப் பிரிந்துவிட்டன. பார்த்தீர் என்றால் எங்கள் ‘வெளிக்கிடுதல்’. கித்தே, ஓரிடத்தையோ ஆளையோ விட்டுப் போவது. லெஸே, குடையை மினிபஸ்ஸில் விட்டுவிட்டு வருவது. ஒன்று மட்டும் கவனம்: சாறி உடுத்தி வெளிக்கிடுவதற்குப் பார்த்தீர் சரிவராது. அதற்குச் சாபியே என்று வேறு வினை இருக்கிறது.

அடுத்தது அவுவார். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் பசியையும் வயதையும் ஆங்கிலம் ‘ஐ ஆம்’ என்று சொல்லும். பிரெஞ்சு இரண்டுக்கும் அவுவார்தான் போடும். ஜே ஃபேன், எனக்குப் பசி. ஜே வேன்த் ஓன், எனக்கு இருபது வயது. நாங்கள் ‘எனக்கு’ என்று தொடங்கும் இடங்களில் பல அங்கே அவுவாராக வருகின்றன. ஆங்கிலத்தை நம்பி ‘ஜு சுயி ஃபேன்’ என்றால் பசி போய்ச் சேராது. முடிவு என்பதற்கும் ‘ஃபேன்’ என்ற அதே உச்சரிப்புத்தான். ‘நானே முடிவு’ என்பது போலக் கேட்கும்.

நீ, நீங்கள் விஷயத்தில் ஆங்கிலத்தால் ஒரு பயனும் இல்லை. எல்லாருக்கும் ஒரே ‘யூ’. பிரெஞ்சில் த்யூ நீ, வூ நீங்கள். ஒருவரை மரியாதையாக விளிக்கவும், பல பேரைச் சேர்த்துச் சொல்லவும் வூ ஒன்றே, எங்கள் நீங்களைப் போல. நடுவிலே நாங்கள் வைத்திருக்கும் ‘நீர்’ மட்டும் அங்கே வீடில்லாமல் நிற்கிறது. வருகிறேன், வருகிறாய், வருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பழகிய எங்களுக்குப் பிரெஞ்சு வினை மாறுவதும் அதிசயமில்லை. எழுத்தில் மாறினாலும் காதுக்கு ஒன்றாகவே கேட்பதுதான் தொல்லை: நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் மூன்றுக்கும் ‘பார்ல்’ என்றே கேட்கும்.

தமிழுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். எத்ர், அதாவது ஆங்கிலத்தின் ‘பீ’, என்ற வினையில் தமிழ் காலை வாரிவிடும். ‘நான் ஆசிரியர்’ என்று நாங்கள் வினையே இல்லாமல் வசனத்தை முடித்துவிடுவோம். அதே பழக்கத்தில், ‘நான்’ என்பதோடு வரும் எத்ரின் வடிவமான ‘சுயி’யை விழுங்கிவிட்டுப் பேசுகிறோம். அங்கே ‘ஆம், இஸ், ஆர்’ தெரிந்த பிள்ளைக்கு வேலை லேசு. ஃபினீர் (ஃபினிஷ்), ப்ரெபாரே (ப்ரிபேர்), ஷோஞ்ஜே (சேஞ்ச்), பேயே (பே) போன்றவற்றை ஆங்கிலம் தெரிந்தவர் பார்த்த உடனேயே பிடித்துவிடுவார். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் மளமளவென்று புகுந்ததன் பலன் அது.

ஆனால் அதே உறவு குழியிலும் தள்ளும். அத்தோந்ர் ‘அட்டென்ட்’ அல்ல, காத்திருத்தல். துமோந்தே அதட்டிக் கேட்பதல்ல, சும்மா கேட்பதுதான். அசிஸ்தே ஆ என்றால் உதவுவதல்ல, ஒரு நிகழ்வில் இருப்பது. பரிஸில் இருக்கும் என் மச்சாள் ஓர் அலுவலகத்தில் ‘அத்தோந்தே’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே உள்ளே நடந்திருக்கிறாள். வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கொப்பியும் தடுமாறும் இடம் ‘தெரியும்’. நீந்தத் தெரியும் என்பதற்குச் சவுவார். ஆங்கிலத்தின் ‘கேன்’ வழியாகப் போனால் பூவார் என்று பிழைவிடுவோம், தமிழ் சரியாகக் கொண்டுபோய் விடும். ‘அவரைத் தெரியும்’ என்றாலோ கொனெத்ர் வேண்டும். அதைத் தமிழும் காட்டாது, ஆங்கிலத்தின் ‘நோ’வும் (know) காட்டாது. அந்தப் பக்கத்தில் நான் கருத்தை எழுதாமல் இரண்டு முழு வசனங்களை எழுதி வைத்திருக்கிறேன்.

விகுதி அட்டவணையை மனப்பாடம் செய்வது மூன்றாவது வழி. ஏறக்குறைய 90 வீத வினைகள் ‘ஏ’ என்று முடியும் முதற் கூட்டத்தில் அடங்குவதால் அந்த ஒன்றுக்கு அது போதும். எத்ர், அவுவார், அலே (போதல்), ஃபேர் (செய்தல்) போன்ற அன்றாட வினைகள் எந்த அட்டவணைக்கும் அடங்காதவை. அவை வாயில் புரண்டு புரண்டுதான் வரும்.

யாருக்கு எது? ஓ.எல். ஆங்கிலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை, கம்பஸுக்காகப் பிரெஞ்சு வாசிக்க வேண்டுமென்றால் ஆங்கிலக் கொப்பியே போதும். பிரான்சில் குடும்பத்தோடு சேரப் போகிறவர் நிலைமை வேறு. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2026 தொடக்கத்திலிருந்து அங்கே பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்குப் பி1, குடியுரிமைக்குப் பி2 மட்டத்தில் (ஏ1இலிருந்து சி2 வரை ஏறும் ஐரோப்பிய மொழித்தரப் படிகள் இவை) பிரெஞ்சு கேட்கிறார்கள். பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தமிழிலேயே சாமான் வாங்கி நாளைக் கடத்தலாம். அட்டை எடுக்க அது உதவாது. அவருக்கு நான் முதல் ஐம்பது வினையையும் தமிழ்க் கொப்பியில் எழுதச் சொல்வேன், எத்ர் ஒன்றைத் தவிர.