எலும்புக்கு வார மாத்திரையா, வருஷ டிரிப்ஸா, கேழ்வரகுக் கூழே போதுமா?

ஆத்தாவுக்கு 69 வயது. மதுரையில் எடுத்த டெக்ஸா (எலும்பு அடர்த்தி) ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட கணக்கு, மைனஸ் 2.9. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்பு மெலியும் ஆஸ்டியோபோரோசிஸ் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகிறது, அட்டை இன்னும் பிரிபடாமல் சாமி அலமாரியில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கேட்டால், "தாடையெலும்பு அழுகிப் போகுமாமேத்தா, அடுத்த வீட்டு ஆச்சி சொன்னாக" என்கிறார்.

அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் இன்னொரு பயத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஐப்பசி அடைமழை, நடுமுற்றமான வளவில் விழுந்த தண்ணீர் தெறித்துச் சுற்றுப்பத்தியின் ஆத்தங்குடிக் கல்லெல்லாம் ஈரம், விடிகாலையில் இரண்டாங்கட்டுக்குப் போன பெரியாத்தா அதில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் அதற்கப்புறம் அந்த முழங்கால் உயர நிலைப்படியை அவர் ஆள் துணையில்லாமல் தாண்டவே இல்லை. நாலு வருஷம் முன்னாலேயே அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டதோடு சரி, எலும்பைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் கேழ்வரகுக் கட்சி. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், இந்த வயதுக்குத் தினம் 1000 முதல் 1200 வரை வேண்டும், ஆகவே கூழ், பால், வைட்டமின் டி எல்லாம் அவசியம்தான். ஆனால் மாதவிடாய் நின்றபின் எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகம், கட்டும் செல்களை முந்திவிடுகிறது. வீட்டுத் தேக்குத் தூணை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுக்கொண்டே, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினால் வீடு நிற்குமா? மைனஸ் 2.9-க்குக் கூழ் மட்டும் போதாது என்பதுதான் என் கட்சி.

கரைப்பதை நிறுத்துகிற வேலைக்குத்தான் வார மாத்திரை, அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம். வாங்குவது சுலபம், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வாரமே நிறுத்திவிடலாம். எங்கள் வீட்டுக்குச் சிக்கல் வேறு: வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது, காபியும் கூடாது. ஐந்து மணிக்கு எழுந்ததும் டிகாக்‌ஷன் இறக்கி, ஒரு வாய் காபி உள்ளே போனால்தான் வாசலுக்கே வருகிற மனுஷி! போதாததற்கு நெஞ்செரிச்சல்காரர், இந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும்.

வருஷ டிரிப்ஸ் என்பது அதே வேலைக்கு நரம்பில் ஏற்றுகிற ஸோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவார்கள், அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் 3 வருஷத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதல் தடவை மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், உடம்புவலி என்று இரண்டு மூன்று நாள் படுத்தும். பாரசிட்டமாலுக்கும் நிறையத் தண்ணீருக்கும் அடங்கிவிடும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு ஆகாது, அதனால் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆனால் ஒன்று, ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி டெனோசுமாப் பலனில் யாருக்கும் இளைத்ததில்லை. ஆனால் தவணை தவறினால் அடுத்தடுத்து முதுகெலும்புகள் முறியும் ஆபத்து உண்டு. தம்பி கூப்பிட்டால் சிங்கப்பூருக்குப் போய் எட்டு மாதம் இருந்துவிட்டு வருகிறவருக்கு அது சரிப்படாது. தினசரி ஊசி டெரிபாராடைடு, முதுகெலும்பு ஏற்கனவே நொறுங்கியவர்களுக்கு. ஆத்தாவுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை.

இப்போது அந்தத் தாடை. ஆஸ்டியோபோரோசிஸுக்குக் கொடுக்கும் அளவில் அது வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ, அதைவிடக் குறைவாகவோதான் வருகிறது; ஆச்சி கேள்விப்பட்டது பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்களுக்கு அடிக்கடி ஏற்றுகிற பெரிய டோஸ் கதை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் பிடுங்கி, புண் ஆறியபின் மருந்தைத் தொடங்குவது நல்லது.

எனக்கு உண்மையிலேயே உறுத்தியது தொடையெலும்பு முறிவு. இந்த மாத்திரையோ டிரிப்ஸோ நீண்ட நாள் எடுத்தால், அடிபடாமலேயே தொடையெலும்பு விண்டு போகலாம், ஆசியப் பெண்களுக்கு இது கூடுதல். கலிபோர்னியாவில் செய்து 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 10,000 ஆசியப் பெண்கள் 3 வருஷம் எடுத்தால் 91 இடுப்பு முறிவு தடுக்கப்படும், 8 தொடை முறிவு வரும். வெள்ளைக்காரப் பெண்களுக்கு அது 149-க்கு 2. நமக்கு லாபம் குறைவு, இருந்தாலும் 91 எங்கே, 8 எங்கே? மாத்திரை என்றால் ஐந்து வருஷம், டிரிப்ஸ் என்றால் மூன்று, அதற்கப்புறம் இடைவெளி விடலாமா என்று டாக்டர் பார்ப்பார். நடுவில் தொடையிலோ கவட்டிலோ விடாத வலி வந்தால் எக்ஸ்ரே.

இதையெல்லாம் டாக்டரிடம் கொண்டுபோனதில் டிரிப்ஸ் என்று முடிவாகியிருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் போன வாரம் எடுத்தாயிற்று. சுற்றுப்பத்தியில் இரவு விளக்கு எரிகிறது, கல்லுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு மெருகேற்றுவதை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் வீட்டில் பெரிய சண்டை. தேதி கேட்டால், "பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துட்டு வாரேன், அதுக்கப்புறம் ஏத்தட்டும்" என்கிறார் ஆத்தா. எங்கள் பக்கத்து மார்கழி நோன்பு அது; பல் புண்ணும் அதற்குள் ஆறிவிடும்.