தனுஷ்கோடியா, கோடியக்கரையா?

தர்மபுரியிலிருந்து கேமராவோடு வெறிச்சோடிய கடற்கரை தேடிக் கிளம்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

தூரம்: திருச்சி வழியாகக் கோடியக்கரை பக்கம். தனுஷ்கோடி ராமேஸ்வரத்துக்கும் அப்பால். முந்தின இரவே கிளம்ப வேண்டும்.

படம்: தனுஷ்கோடியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள், இருபுறமும் கடல். உச்சி வெயிலில் மணல் வெளுத்துப்போகும், காலையிலேயே எடுத்துவிடுங்கள். இரவில் தங்க விடமாட்டார்கள். நட்சத்திரப் படக் கனவெல்லாம் அங்கே நடக்காது. கோடியக்கரையில் சேறு, உப்பளம், வெளிமான், குளிர்காலத்தில் பூநாரைகள். பெரிய லென்ஸ் இல்லையென்றால் அவை வெறும் புள்ளிகள்தான்.

உப்புக்காற்று: இரண்டிலும் ஒரே தொல்லை.

கையில் மொபைல் மட்டும்தானா? சரி, தனுஷ்கோடி. பறவைப் பைத்தியமென்றால் டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரை.