போஸ்ட்டா, பிராகா: பெருமையடிக்க எந்த ஆங்கிலச் சொல்?

பெருமையடிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்றாட எழுத்தில் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: போஸ்ட் (boast), பிராக் (brag). தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம், தபால் போஸ்ட்டும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும். இது 'பஸ்' என்னும்போது வருகிற ப. அந்த அதிர்வு தவறினால், சம்பளத்தைப் பற்றிப் பெருமையடித்தார் என்பது சம்பளத்தைப் பற்றிப் பதிவு போட்டார் என்றாகிவிடும். இக்காலத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே இடைக்கால ஆங்கிலத்திலிருந்து வழங்குபவை. இரண்டுக்கும் பின்னால் 'அபௌட்', 'ஆஃப்', 'தட்' மூன்றும் வரும். இறந்தகாலத்தில் பிராக்குக்கு 'ஜி' இரட்டிக்கும், போஸ்ட்டுக்கு 'இடி' சேர்த்தால் போதும். பிராக் பேச்சுப் பக்கம் சாயும், போஸ்ட் எழுத்துப் பக்கம். ஒருவரைப் பற்றி பிராக் என்று சொன்னால் அவர்மேல் எரிச்சல் இருக்கிறது என்று பொருள். போஸ்ட்டில் அந்தக் காரம் கொஞ்சம் குறைவு.

இரண்டில் ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பழகுவது என்றால் போஸ்ட்டைப் பழகுங்கள். காரணம் ஒன்றே ஒன்று: அது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும், பிராக் ஏற்காது. கேட்க இலக்கண நுணுக்கம் போலத் தோன்றும். ஆனால் நம்மவர் ஆங்கிலம் சறுக்குகிற இடமும், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது அபத்தம் விளைகிற இடமும் இதுதான்.

கிரிக்கெட்டை வைத்துப் பார்ப்போம். டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. 'பிராட்மன் போஸ்ட்ஸ் ஆன் ஆவரேஜ் ஆஃப் 99.94' என்று எழுதினால், அந்தப் பெருமைக்குரிய சராசரி அவருக்கு இருக்கிறது என்று பொருள். அவர் வாயே திறக்கவில்லை. 'போஸ்ட்ஸ்' என்பதை அடுத்து ஓர் 'ஆஃப்' நுழைத்துவிட்டால், தன் சராசரியைச் சொல்லிச் சொல்லித் தம்பட்டம் அடிக்கிறார் என்றாகிவிடும். இரண்டெழுத்துச் சொல் ஒன்று, பாராட்டைப் பழியாக்கிவிடுகிறது.

ஊர், கல்லூரி, ஓட்டல், கைபேசி என்று எழுவாய் அஃறிணையாக இருக்கும்போது இந்த 'ஆஃப்' இல்லாத வடிவமே பிரிட்டன், அமெரிக்க எழுத்தில் இயல்பு. 'தி ஓட்டல் போஸ்ட்ஸ் த்ரீ பூல்ஸ்', அவ்வளவுதான். இந்திய ஆங்கிலத்திலோ 'போஸ்ட்ஸ் ஆஃப் எ லைப்ரரி', 'போஸ்ட்ஸ் ஆஃப் எ பீச்' என்று கல்லூரிக் கையேடு தொடங்கிச் சுற்றுலா விளம்பரம் வரை பரவிக் கிடக்கிறது. மனிதர்களுக்கான அமைப்பைக் கட்டடத்துக்கும் போட்டுவிடுவதால் வருவது இது. உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுப் பதிப்பாசிரியர் கையில் போனால் அந்த 'ஆஃப்' அடிபடும்.

இந்தப் பொருளில் வேறு சில நிபந்தனைகளும் உண்டு. தொடர்வினை கூடாது: 'இஸ் போஸ்டிங் த்ரீ பூல்ஸ்' தவறு. செயப்பாட்டுவினையாகத் திருப்பவும் முடியாது. பொருளும் பெருமைப்படத் தக்கதாக இருக்க வேண்டும். ஓட்டல் கரப்பான் பூச்சிகளை 'போஸ்ட்' செய்கிறது என்றால் கிண்டல் என்றே படிப்பார்கள். தன்மையில், அதாவது 'நான்' எழுவாயாக வரும்போது, இந்த வடிவத்தைத் தொடவே வேண்டாம். 'ஐ போஸ்ட் டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், இலக்கணம் எப்படி இருந்தாலும் காதில் விழுவது தற்பெருமை. 'ஹேவ்' போட்டால் பத்தாண்டு அனுபவம் பத்தாண்டு அனுபவமாகவே இருக்கும். (தன் ஆற்றலை அறியாதவர் முன்னால் தன்னைப் புகழ்ந்துகொள்வது புலவருக்குத் தகும் என்று நன்னூல் நான்கு விலக்குகளில் ஒன்றாக அனுமதிக்கிறது. நேர்முகத் தேர்வுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆனால் அந்த அனுமதி செயலுக்குத்தான், 'போஸ்ட்' என்ற சொல்லுக்கு அல்ல.)

இனி தமிழாக்கம். 'தி சிட்டி போஸ்ட்ஸ் எ லாங் பீச்' என்பதை 'நகரம் நீண்ட கடற்கரையைப் பெருமையாகக் கூறுகிறது' என்று பெயர்த்தால், நகரத்துக்கு வாய் முளைத்துவிடும். இந்த வேலையைத் தமிழில் நான்காம் வேற்றுமையே சத்தமில்லாமல் செய்யும்: 'நகரத்துக்கு நீண்ட கடற்கரை உண்டு'. பெருமை தொனிக்க வேண்டுமானால் 'நகரத்துக்குப் பெருமை சேர்ப்பது அதன் நீண்ட கடற்கரை'. 'பெருமைப்படுகிறது', 'பெருமை கொள்கிறது' எல்லாம் ஆளுக்குத்தான் பொருந்தும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. நம் செய்திகளில் 'பெருமிதத்துடன் தெரிவித்தார்' அடிக்கடி வரும். அதற்கு 'போஸ்டட்' போட்டால், தெரிவித்தவரைப் பீற்றல்காரர் என்று சொன்னதாகும். 'செட் வித் பிரைட்' என்பதே நேர். மனிதர் பேசும் பொருளில் வரும்போது போஸ்ட்டும் தீர்ப்புச் சொல்தான். அதன் நல்ல முகம், பேச்சே இல்லாத அந்த ஒரு வடிவத்தில் மட்டும்தான் தெரியும்.

பிராக் வெல்லும் இடங்களும் உண்டு. ஆளைக் குறிக்க 'போஸ்டர்' என்றால் சுவரொட்டி என்று காதில் விழும். 'பிராகர்ட்' என்றால் குழப்பமில்லை. போட்டியில் ஜெயித்த அணி அடுத்த ஆட்டம் வரை மார்தட்டிக்கொள்ளும் உரிமை 'பிராகிங் ரைட்ஸ்'. இங்கே போஸ்ட் வைத்தால் சொற்றொடரே செத்துவிடும். அடக்கம் போலக் காட்டிப் பெருமையடிப்பதற்கு 'ஹம்பிள்பிராக்'. 2010-இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஹாரிஸ் விட்டல்ஸ் ட்விட்டரில் இந்தப் பெயரில் கணக்குத் தொடங்கிப் பரப்பிய சொல் அது. 'இத்தனை விருதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, அலுப்பாக இருக்கிறது' என்பது இந்த ரகம். அமெரிக்கப் பள்ளிகளில் பரிந்துரைக் கடிதத்துக்காக மாணவர் தம் சாதனைகளைத் தொகுத்துத் தரும் தாள் 'பிராக் ஷீட்'. அதில் இழிவே இல்லை. அமெரிக்கத் தெற்கில் 'பிராக் ஆன்' என்றால் தன்னை விட்டு வேறொருவரை, பெரும்பாலும் பிள்ளைகளை, வாயாரப் புகழ்வது. வட்டார வழக்கு என்பதால் நாமாக எடுத்தாள்வதைவிடப் படிக்கும்போது புரிந்துகொண்டால் போதும்.

தமிழில் பிராக்குக்குப் 'பீற்றிக்கொள்' அச்சாகப் பொருந்துகிறது. பேச்சில் 'பீத்திக்கிறான்', 'ஜம்பம் அடிக்கிறான்'. போஸ்ட்டுக்குப் 'பெருமையடி', 'தற்பெருமை பேசு'. ரீல் விடுவது, பீலா விடுவது, அளந்துவிடுவது ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவற்றில் பொய் கலந்திருக்கிறது. பிராக் செய்பவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம், சொல்கிற விதம்தான் குற்றம். உதார், சவடால் இரண்டிலும் மிரட்டல் வாடை உண்டு. அவற்றுக்கு 'பிளஸ்டர்' (bluster) பக்கத்தில் வரும்.

மற்றச் சொற்களுக்கு ஆளுக்கொரு வரி. 'வான்ட்' (vaunt) இன்று 'மச்-வான்டட்' (much-vaunted) என்ற வடிவில்தான் அதிகம் உயிரோடு இருக்கிறது: ஆகா ஓகோ என்றார்கள், கடைசியில் ஒன்றுமில்லை என்ற ஏளனம். பாராட்டு என்று நினைத்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 'குரோ' சேவல் கூவுவது. 'ஓவர்' சேர்ந்தால் அடுத்தவர் தோல்வியில் கூத்தாடுவது. இளைஞர் பேச்சில் 'ஃப்ளெக்ஸ்'. தசையை முறுக்கிக் காட்டுவதிலிருந்து பிறந்தது. நம் தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனர் வளையும் தாளால் வந்த பெயர், ஆனாலும் செய்கிற வேலை அதேதான்.

சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு: 'பிராக்' ஓர் ஆட்டத்தின் பெயரும்கூட. இங்கிலாந்தின் மூன்று சீட்டு பிராக்கின் இந்திய வடிவம்தான் 'தீன் பத்தி'. கையில் நல்ல சீட்டில்லாமலே இருப்பதுபோலப் பந்தயம் ஏற்றுவது அதில் பாதி ஆட்டம் என்பதால் பெயருக்கு விளக்கம் வேண்டாம். ஸ்குவாஷ் வர்ணனையில் வரும் 'போஸ்ட்' மட்டும் பெருமையோடு எந்த ஒட்டும் இல்லாதது. பந்து பக்கச் சுவரில் முதலில் பட்டு, பிறகு முன்சுவருக்குப் போகிற அடி அது.