ஹாங்காங் பேக்கேஜ்ல "டைகர் பாம் கார்டன்"னு போட்டிருந்தா பணம் கட்டாதீங்க, அந்த இடமே இப்ப கிடையாது

போன மாசம் குடும்பத்தோட ஹாங்காங் மக்காவ் அஞ்சு நாள் போயிட்டு வந்தோம், திருச்சி ஏஜென்ட் ஒருத்தர் மூலமா. பேர் போட முடியாது, கேஸ் போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன். ஆனா அவர் எப்படி ஏமாத்தினார்னு மட்டும் சொல்லிடறேன்.

எங்க பெரியப்பா கப்பல்ல வேலை பார்த்தவர். வீட்டுல அவரோட பழைய கலர் போட்டோ ஒண்ணு இருக்கு, பெல்பாட்டம் பேன்ட், பின்னாடி ஏழு மாடி வெள்ளை பகோடா கோபுரம், போட்டோக்குப் பின்பக்கம் இங்க் பேனால "டைகர் பாம் கார்டன், 1976"னு எழுதிருப்பார். அவர் கொண்டு வந்த அந்த ஆறுமூலை பாட்டில் டைகர் பாம் தைலம்தான் எங்க அப்பத்தாவுக்கு சகல நோய்க்கும் மருந்து. அப்பாவுக்கு இப்ப 71 வயசு, அண்ணன் நின்ன அதே இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இதை ஏஜென்ட்கிட்ட நானே வாய விட்டு சொன்னேன், அதான் நான் பண்ண முதல் தப்பு. "சார் அது நம்ம ஐட்டினரியிலயே இருக்கு, சிற்பப் பூங்கா, நரகத்துல பாவிகளுக்குக் குடுக்குற தண்டனை எல்லாம் சிலையா வெச்சிருப்பான், சூப்பரா இருக்கும்"னு சொல்லி, கலர் படம் போட்ட பிளையர் ஒண்ணு அனுப்பி, என்ட்ரி டிக்கெட்னு தலைக்கு 2,200 ரூபா தனியா வாங்கினார். அஞ்சு பேருக்கு 11,000.

மூணாவது நாள். வேன் டாய் ஹாங் ரோடுல ஒரு மேட்டுல நிக்குது. எதிர்ல வானத்தை முட்டுற அப்பார்ட்மென்ட் டவருங்க, பக்கத்துல சிவப்பு செங்கல் சுவர், பச்சை ஓடு போட்ட பழைய பங்களா ஒண்ணு, கேட் பூட்டிருக்கு. கைடு "டென் மினிட்ஸ், போட்டோ"ன்னான். நாங்க கார்டன் எங்கன்னு கேக்க அவன் பங்களாவைக் காட்டுறான். அப்பா பையிலிருந்து பிளாஸ்டிக் கவர்ல போட்டிருந்த அந்த பழைய போட்டோவை எடுத்துட்டு நேரா அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டிகிட்ட போயிட்டார். அந்தப் பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் பகோடாவை விரலால தொட்டு, தலைக்கு மேல இருக்கிற டவரைக் காட்டி, கையை விரிச்சார். "நோ மோர். லாங் டைம்." அப்பா ஒண்ணும் பேசல, போட்டோவை மறுபடி கவர்ல போட்டு மடிச்சுக்கிட்டார். எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு.

ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து தேடினேன், இதை முன்னாடியே பண்ணிருக்கணும். தைலக் கம்பெனி முதலாளி ஆவ் பூன் ஹாவ் 1935ல கட்டினது அந்தத் தோட்டம், சனங்க உள்ள போய்ப் பார்க்க காசே வாங்கினதில்ல. 1998ல அந்த நிலம் ஒரு பெரிய ரியல் எஸ்டேட் கம்பெனிக்குப் போச்சு, 2004ல தோட்டத்தை இடிச்சு டவர் கட்டிட்டாங்க. ஹாவ் பார் மேன்ஷன்ங்கிற அந்த பங்களா மட்டும் மிச்சம். அதாவது இருபது வருஷத்துக்கு முன்னாடி இடிச்ச, இருந்தப்பவே ஓசியில பார்த்த இடத்துக்கு எங்ககிட்ட டிக்கெட் வித்திருக்கான்!

இன்னும் கேளுங்க. அந்த பிளையரை சிங்கப்பூர்ல இருக்கிற சித்தி பையனுக்கு அனுப்பினேன், அவன் பார்த்ததும் சிரிக்கிறான். "அண்ணே இது எங்க ஊரு ஹாவ் பார் வில்லா, பாசிர் பாஞ்சாங்ல எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு"ன்னான். அதே முதலாளி 1937ல சிங்கப்பூர்ல கட்டினது, அது இன்னும் இருக்கு, தோட்டத்துக்குள்ள போக இப்பவும் ஃப்ரீ, நரக மியூசியத்துக்கு மட்டும்தான் டிக்கெட். இடிச்ச தோட்டத்தோட பேரு, வேற நாட்டுத் தோட்டத்தோட படம். மனுஷன் எவ்ளோ நிதானமா உக்காந்து யோசிச்சிருக்கான் பாருங்க.

ஹாங்காங்ல மத்த இடங்க கதையும் இதேதான். காஸ்வே பேல நூன்டே கன்னு ஒரு பீரங்கி இருக்கு, தினமும் மதியம் கரெக்டா 12 மணிக்கு வெடிப்பாங்க, பேரே அதான், எங்களைக் கூட்டிட்டுப் போனது மூன்றரை மணிக்கு. கம்பி வேலிக்குள்ள இருக்கிற பீரங்கியைப் பார்த்துட்டு வந்தோம். அன்னைக்கு மதியம் 12 மணிக்கு எங்க இருந்தோம்னா நகைக்கடையில, ஒன்றரை மணி நேரம், வேன் வராதுன்னு கைடு சொல்லிட்டான், கழுத்துல லைசென்ஸ் கார்டும் இல்ல. அங்க கைடுக்கு லைசென்ஸ் கட்டாயம், கார்டை மாட்டிருக்கணும், டிராவல் இண்டஸ்ட்ரி அத்தாரிட்டின்னு ஒண்ணு இருக்கு, அங்க கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு எல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அடுத்து ஒரு தைலக்கடை வேற. என் வீட்டுக்காரி தலைவலிக்கு அங்கயே ஒரு பாட்டில் வாங்கினா, நான் வாயே திறக்கல.

ஒண்ணே ஒண்ணு உருப்படியா நடந்துச்சு. கடைசி நாள் ஷாப்பிங்குக்கு வரமாட்டோம்னு கழண்டுக்கிட்டு, டின் ஹாவ் ஸ்டேஷன்ல இறங்கி நாங்களே நடந்து லின் ஃபா குங் கோயிலுக்குப் போனோம். டாய் ஹாங் சந்துக்குள்ள பாறை மேல கட்டின சின்னக் கோயில், புத்த மதத்து அவலோகிதேஸ்வரர்தான் அங்க குவான்யின் அம்மன். இந்தத் தெருக்கள்லதான் வருஷா வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு உடம்பு முழுக்க ஊதுபத்தி செருகின 67 மீட்டர் டிராகனைத் தூக்கிட்டு ஓடுவாங்க, 1880ல கொள்ளைநோயை விரட்ட ஆரம்பிச்ச பழக்கம். அப்பா அங்க ஒரு பத்தி ஏத்திட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தார். செலவு ட்ரெயின் காசு மட்டும். பிளையர்ல இந்தக் கோயில் பேரே இல்ல.

திரும்பி வந்து ஏஜென்ட்கிட்ட போனா, "சார் லோக்கல் ஆபரேட்டர் மாத்திட்டான், எங்களுக்கே தெரியாது, அடுத்த டிரிப்ல 1,500 குறைச்சுக்கிறேன்"னு கூசாம சொல்றார். நான் பில், பிளையர், வாட்ஸ்அப் சாட் எல்லாம் பிரின்ட் எடுத்துட்டேன், 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகாரும் பதிஞ்சாச்சு. யாராவது புக் பண்ணிருந்தா ஐட்டினரியில இருக்கிற ஒவ்வொரு பேரையும் மேப்ல போட்டுப் பாருங்க, டிக்கெட்டுக்குன்னு தனியா காசு கேட்டா அந்த இடத்தோட சொந்த சைட்ல விலை இருக்கான்னு பாருங்க.

நேத்து ராத்திரி அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். தீபாவளி ஆஃபராம். அதே சிங்கப்பூர் படம், கீழ "ஹாங்காங்"னு கொட்டை எழுத்துல.