‘போர்டு போய்விட்டது’ என்றார்கள்: பாளையங்கோட்டையில் ஒரு கீபோர்டு பழுதுபார்த்த அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது வங்கி வேலை, பத்திர நகல், ஆதார் திருத்தம் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. எழுதியே ஆக வேண்டியது, திசையன்விளைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் கீபோர்டைப் பழுதுபார்க்க அலைந்த கதைதான். வெளிநாட்டிலிருந்து வரும்போது கோயிலுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கீபோர்டு கொண்டுவந்து கொடுப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அது மக்கர் செய்யும்போது திண்டாடுவது ஊரில் இருப்பவர்கள்.

சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவுக்கு வாசிப்பவள் என் தங்கை மகள். நடு ஸ்தாயியில் சில கட்டைகள் ஊமையாகிவிட்டன. வேறு சில, மெல்லத் தொட்டாலும் அலறின. நாதத்தை நீட்ட வேண்டிய பெடலை மிதித்தால் அது அறுந்தது. காலை எடுத்தால் இழுத்துக்கொண்டே நின்றது. சத்தத்தைக் கூட்டினால் கீபோர்டே அணைந்துவிடும். “பாட்டு நடுவிலே அணைந்துபோகிறது மாமா, எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்” என்று அவள் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. எந்தக் கட்டையில் என்ன கோளாறு என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தாள்.

முதலில் திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்த பையன் சுவிட்சைப் போட்டான், இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தான், “போர்டு போய்விட்டது சார்” என்றான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை மாற்ற அவன் சொன்ன தொகை, புதிதாக வாங்கும் விலையில் பாதிக்கு மேல். அதற்குப் பதில் எக்ஸ்சேஞ்சில் புதியதே எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னான். அவள் எழுதிவந்த காகிதத்தை அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்குரூவைக் கழற்றாமல் இப்படித் தீர்ப்புச் சொல்வது அநியாயம். காணிக்கைக் காசில் ஓடும் கிராமத்துக் கோயில்கள் எத்தனை இந்த வார்த்தையை நம்பிப் பணத்தைத் தொலைத்திருக்கும்!

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரக் கோயில் பக்கம் கீபோர்டு மெக்கானிக் ஒருவர் இருப்பதாக உறவினர் சொன்னார். ரேடியோ, டேப்ரெக்கார்டர் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். மாடியில் ஒரே அறை. “உட்காருங்கள் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, முதலில் கையை நீட்டியது அந்தக் காகிதத்துக்குத்தான். இரண்டு முறை படித்தார். பிறகு என் மருமகளிடமே கேள்வி கேட்டார்: அடுத்தடுத்த கட்டைகள் கெட்டிருக்கின்றனவா, அல்லது ஏழு கட்டை தாண்டி எட்டாவது, மறுபடி எட்டாவது என்று ஒழுங்காகக் கெட்டிருக்கின்றனவா? கட்டைகளை வரிசை, பத்தியாகப் பிரித்துத்தான் உள்ளே இருக்கும் சிப் கவனிக்கிறது. அதனால் கோளாறு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ரிப்பன் ஒயரிலோ டயோடிலோ போர்டிலோ பழுது இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்தால் பெரும்பாலும் அழுக்குதான். எங்களுடையது அங்கொன்றும் இங்கொன்றுமான வகை.

ஸ்குரூடிரைவரைத் தொடாமலே பெடல் பிரச்சினையைத் தீர்த்தார். பல கீபோர்டுகள் சுவிட்ச் போடும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். யாராவது காலை வைத்தபடி சுவிட்சைப் போட்டால் எல்லாம் தலைகீழ். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். சரியாகிவிட்டது. இதற்காகப் புதுப் பெடல் வாங்கியவர்கள் உண்டு என்றார்.

கீபோர்டு அணைந்ததற்குக் காரணம் அடாப்டர். கோயிலில் முதலில் இருந்தது அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்தது, 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. நம் 230 வோல்ட்டில் அது எரிந்துபோக, கடையில் கிடைத்த ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டியது. அவளை வாசிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டியதும் முள் சரசரவென்று இறங்கியது. வோல்ட் சரி, தேவையான ஆம்பியர் அதில் இல்லை. முனையையும் பார்க்கச் சொன்னார். யமஹாவின் வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுமுனை பிளஸ். கேசியோவின் பழைய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். பின் பொருந்திவிட்டதே என்று ஒன்றின் அடாப்டரை இன்னொன்றில் செருகினால் அப்போது போர்டு நிஜமாகவே போய்விடும்.

அதன் பிறகுதான் கீபோர்டைக் கவிழ்த்தார். ஒரு தெர்மாகோல் அட்டையில் கீபோர்டின் அடிப்பக்கத்தைப் பேனாவால் வரைந்துவைத்திருந்தார். கழற்றிய ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்திலேயே அந்தப் படத்தில் குத்திவைத்தார். நீளமான ஸ்குரூ குட்டையான ஸ்குரூவின் துளைக்குள் போனால் மேல்மூடி விண்டுவிடுமாம். கட்டைகளைக் கழற்றியதும் சிவப்புப் பொடி தெரிந்தது. தேரி மண்! எங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்று அடித்தால் சோற்றுத் தட்டில்கூட மண் விழும்; ஜன்னல் ஓரத்தில் மூடாமல் கிடந்த கீபோர்டை அது விட்டுவைக்குமா? போதாக்குறைக்கு உவரிக் கடலின் உப்புக்காற்று வேறு.

கட்டைகளுக்கு அடியில் நீளமான ரப்பர் பட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அதில் இரண்டு கரிப் பொட்டுகள். கட்டையை அழுத்தும்போது ஒரு பொட்டு முன்னும் மற்றது பின்னுமாகப் போர்டைத் தொடும். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துத்தான் நாம் மெல்லத் தொட்டோமா, ஓங்கி அடித்தோமா என்று கருவி கணக்கிடுகிறது. இடைவெளி குறைந்தால் சத்தம் கூடும். பொட்டில் மண் படிந்தால் அந்தக் கணக்குத் தப்பி, கட்டை ஒன்று அலறும், இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். அவர் பட்டையை உரித்தெடுத்து, பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு பொட்டையும் ஒற்றி ஒற்றித் துடைத்தார். பஞ்சு செம்மண் நிறத்தில் வந்தது. தின்னர், பெட்ரோல் பக்கமே போகக்கூடாது என்றும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் கரிப்பூச்சு போய்விடும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நன்றாகக் காயவிட்டு, மழுங்கிய மூங்கில் குச்சியால் ரப்பர் காம்புகளைத் துளைகளில் ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு காம்பு சரியாக உட்காராவிட்டாலும் அந்தக் கட்டை கனத்துப்போகும்.

எல்லாவற்றையும் மூடியபின் அவள் ஒரு கீர்த்தனையை வாசித்தாள். கட்டைகள் அத்தனையும் பேசின. அவர் கேட்ட கூலி, சர்வீஸ் சென்டரில் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் இருக்கும் டொராண்டோவில் இப்படி எதிரே உட்காரவைத்து விளக்கிச் சொல்லிச் செய்துதரும் ஒருவரை இதுவரை நான் பார்த்ததில்லை. இவரைப் போன்றவர்களிடம் வேலையைக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவையும் சில உண்டு. சத்தமே வராவிட்டால் ஹெட்போன் துளையில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டு ஸ்பீக்கரை அடைத்திருக்கலாம். பின்னைச் சில முறை செருகி எடுத்தால் பல நேரம் விடுபடும். சுருதி மொத்தமாக ஏறியோ இறங்கியோ இருந்தால் டிரான்ஸ்போஸ் என்ற சுருதி மாற்றும் அமைப்பு மாறியிருக்கும். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசையில், தொடாமல் விட்டால் 30 நிமிடத்தில் தானாக அணைவது கோளாறு அல்ல, மின்சாரச் சிக்கனம். நீண்ட பிரசங்கம் நடக்கும் கோயில்களில் இது பெரிய தொல்லை. இடது ஓரக் கடைசிக் கட்டையை அழுத்தியபடி சுவிட்ச் போட்டால் அந்த ஏற்பாடு நின்றுவிடும். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங்கையே அரித்துவிடும்.

பாளைக்குக் கொண்டுபோவதானால் அடாப்டர், பெடல், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் எல்லாவற்றையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வாசிக்கிற பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கீபோர்டை மட்டும் தூக்கி வருகிறவர்களை, மீதியையும் கொண்டுவாருங்கள் என்று அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.