பூஸ்ட் ஏறி இறங்கும் டீசல் காருக்கு ஓபிடி அடாப்டரா, கை வேக்கம் பம்பா?

காலையில் நன்றாக இழுத்த கார் மாலையில் 2000 ஆர்பிஎம் தாண்டியும் மந்தமாகக் கிடக்கும். ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி பிக்கப் வந்துவிடும். இந்தக் குறையோடு பட்டறைக்குப் போனால் பல இடங்களில் முதலில் காதில் விழுவது "டர்போ போயிடுச்சு சார்". அந்தச் செலவுக்குத் தலையாட்டும் முன் வாங்க வேண்டியவை இரண்டு: காரின் கணினி தரும் எண்களைப் போனில் காட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர்; காற்றை உறிஞ்சி வேக்கம் உண்டாக்கி அளக்கும், கேஜ் வைத்த கை வேக்கம் பம்ப். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பம்பை வாங்குங்கள். பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், எப்போது விழுகிறது என்பதை அடாப்டர் காட்டும். ஏன் விழுகிறது என்பதைப் பெரும்பாலும் பம்ப்தான் சொல்லும்.

அடாப்டர் என்றால் ஈஎல்எம்327 வகை. சந்தையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே நகல்கள். 2.1 என்று அச்சிட்ட மலிவு நகல்கள் பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்யாது, 1.5 என்று விற்பவை பொதுவாகப் பரவாயில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் 4.0 அல்லது வைஃபை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர் இரண்டில் எந்தச் செயலியும் போதும். ஆனால் செயலி தானே கணக்கிட்டுக் காட்டும் பூஸ்ட் முள்ளை நம்பாமல், மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) முழு அழுத்தத்தை கிலோபாஸ்கலில் பாருங்கள். பூஸ்ட் என்பது அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தது.

முதல் சோதனைக்கு எஞ்சினையே போட வேண்டாம். சாவியை மட்டும் ஆன் செய்தால் சென்னையில் 100, 101 காட்ட வேண்டும். 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77 ஒட்டி வரும். இதிலிருந்து ஐந்தாறு எண் விலகினால் டர்போவை விட்டுவிட்டு, இந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். டீசலில் அதன் முனை கரி அப்பிக் கிடப்பது சகஜம்.

அடுத்தது ஓட்டச் சோதனை. ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில், 1500 ஆர்பிஎம்மில் இருந்து 3500 வரை பெடலை முழுக்க அழுத்த வேண்டும். போனைப் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும். பதிவில் ஆர்பிஎம், மேனிஃபோல்ட் அழுத்தம், பெடல் நிலை ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும். பத்து சென்சாரைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும், நடுவில் வரும் குத்து தெரியாமலே போகும். எண் சோம்பலாக ஏறிக் கடைசிவரை தாழ்வாகவே நின்றால் எங்கோ காற்றுக் கசிவு, அல்லது டர்போவின் வேன்களை (புகையோட்டத்தைத் திருப்பும் சின்ன இதழ்கள்) நகர்த்தும் ஆக்சுவேட்டருக்கு வேக்கம் போதவில்லை. 230, 190, 225, 195 என்று ஊசலாடினால் அந்த வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டு, அல்லது ஒட்டி ஒட்டி நகரும் ஆக்சுவேட்டர் கம்பி. சட்டென்று உச்சம் தொட்டு, உடனே எஞ்சின் தன்னைக் காக்க சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடில் விழுந்தால் டர்போவின் வேன்கள் கரியில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். முதல் வகைக்குப் பெரும்பாலும் பி0299, கடைசி வகைக்கு பி0234 என்ற பிழைக் குறியீடு பதிவாகும். ஒரு குறை: சாதாரண ஓபிடி கணக்கில் இந்த அழுத்தம் 255 வரைதான் காட்டும், அதற்கு மேல் போனாலும் எண் அங்கேயே நிற்கும். எஞ்சின் கேட்ட பூஸ்ட் எவ்வளவு என்பதும் பல கார்களில் இந்த அடாப்டருக்குக் கிடைக்காது.

இனி பம்ப். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் வந்த 90 பிஎஸ் 1.3 மல்டிஜெட் போல, வேக்கத்தால் வேன்களை நகர்த்தும் டர்போக்களில்தான் இது தன் விலையை ஈட்டும். ஆக்சுவேட்டர் முனையில் இருக்கும் ஹோஸைக் கழற்றி பம்பை மாட்டி மெதுவாக அமுக்குங்கள். கம்பி எந்த அளவில் நகரத் தொடங்கும் என்பது காருக்குக் கார் மாறும். எங்கும் திக்காமல் போகிறதா என்பதே கேள்வி. 50 செ.மீ. பாதரச அளவில் ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. விடும்போது கம்பி குதித்துக் குதித்துத் திரும்பினால் வேன்களில் கரி. நிறுத்து ஸ்குரூவையோ கம்பியின் நீளத்தையோ திருகி "சரி" செய்ய விடாதீர்கள், ஒட்டல் அப்படியே இருக்க அளவு மட்டும் கெடும்.

ஆக்சுவேட்டர் நன்றாக இருந்தால் எதிர்ப்பக்கம் போங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, சோலனாய்டுக்கு வரும் ஹோஸில் கேஜை வைத்தால் சமவெளியில் 60 செ.மீ.க்கு மேல் வேண்டும். வராவிட்டால் வெடித்த ஹோஸைத் தேடுங்கள். தேய்ந்த இடத்தில் மீன்தொட்டி டியூபை மாட்டி அனுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. எஞ்சின் சூட்டில் அது இளகி, வேக்கம் இழுத்ததும் சப்பிப் போகும், ஆறினால் மறுபடி சரியாகிவிடும். 4 மி.மீ. அளவில் தடித்த சுவருள்ள சிலிக்கான் வேக்கம் ஹோஸ் போதும். சோலனாய்டின் மூன்றாவது குழாய் வெளிக்காற்றுக்கானது. அதன் சின்ன ஃபில்டர் தூசியில் அடைத்தால் ஆக்சுவேட்டர் நேரத்துக்கு விடாது, பூஸ்ட் எகிறும்.

பம்பால் முடியாதது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கத்துக் கசிவு. கிளிப்புக்கு அடியில் கிழிந்த ஹோஸ் ஐடிலில் மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். உறுதி செய்ய டயர் கம்ப்ரசரும் சோப்புத் தண்ணீரும் வேண்டும்; அரை பார் போதும். ஆக்சுவேட்டரை மின்மோட்டார் இயக்கும் கார்களுக்கும், பூஸ்ட் அழுத்தத்தாலேயே வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) திறக்கும் 75 பிஎஸ் ஸ்விஃப்டுக்கும் இந்த வேக்கம் பம்ப் வீண். ஸ்விஃப்டுக்கு அழுத்தமும் தரும் இருவழிப் பம்ப் தேவை.

வாங்கும்போது உலோக உடல் பார்த்து எடுங்கள். கடையிலேயே முனையை விரலால் அடைத்து 60 செ.மீ. வரை அமுக்கினால் முள் அசையாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் பம்பின் கசிவை காரின் கசிவு என்று எண்ணி அலைவீர்கள். சீலுக்கு சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. டபிள்யூடி-40 அடித்தால் ரப்பர் உப்பிவிடும். அடாப்டரை வேலை முடிந்ததும் பிடுங்கி வையுங்கள், நிறுத்திய காரிலும் அது பேட்டரியை உறிஞ்சும்.